ஐந்தாம் பதிப்புக்கு இன்னும் தேதி இல்லை

வகுப்பறையில் சுண்ணக்கட்டியும் வீட்டில் விசைப்பலகையுமாக வாழ்ந்து, 'வாயிலோன்' என்னும் நம் வலை வழங்கியின் முதல் வரியை எழுதி, இன்று இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் நம் கணக்கு டீச்சர் அவர்களே. அவருக்கு வலப்பக்கம், மேடையில்கூடப் பையின் வாரை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு அமர்ந்திருக்கும், வாயிலோனின் பாதுகாப்புப் பொறுப்பாளர், நாம் எல்லோரும் பூட்டுக்காரர் என்று அழைக்கும் அண்ணன் அவர்களே. பொறுமையால் எங்களை வளர்த்த பெரியோர்களே. பிள்ளைகள் எதைத்தான் இப்படித் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள் என்று இன்றாவது பார்த்துவிட வந்திருக்கும் தாய்மார்களே. சுவரோரம் மின்செருகிக்குப் பக்கத்தில் இடம் பிடித்து அமர்ந்திருக்கும் என் இனத்தவர்களே. உங்கள் அனைவர் முன்னும் தலை தாழ்த்துகிறேன்.

என்னை இந்த மேடைக்கு அழைத்தது ஒரு தேதியைச் சொல்வதற்காக. வாயிலோனின் ஐந்தாம் பதிப்பு என்றைக்கு வெளிவரும் என்ற தேதி. அந்த வெளியீட்டைத் திட்டமிடும் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. அழைப்பிதழிலும் அப்படித்தான் அச்சிட்டிருக்கிறார்கள். ஆனால் அவையோரே, அந்தத் தேதியை நான் இன்று சொல்லப்போவதில்லை.

சலசலப்பு கேட்கிறது. நியாயம்தான். தூரத்திலிருந்து வந்தவர்களும் இருக்கிறீர்கள். சொல்லாததற்குக் காரணம் சோம்பல் அல்ல, சண்டையும் அல்ல. ஒரு ரத்த வங்கியில், சுவரோரமாக நிற்கும் இரண்டு குளிர்பெட்டிகள் காரணம். அந்தப் பெட்டிகளில் இருக்கும் ரத்தம் கெடாமல் இருக்குமா, கெட்டுப்போகுமா என்பது நம் ஐந்தாம் பதிப்பின் ஒரு முடிவைப் பொறுத்திருந்தது. அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். கேட்டுவிட்டு, தேதி வேண்டுமா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

முதலில் தாய்மார்களுக்கு ஒரு விளக்கம் கடன்பட்டிருக்கிறேன். என் அம்மா மூன்றாம் வரிசையில் இருக்கிறார். புறப்படும்போது கேட்டார்: "யாராவது உம் பொண்ணு என்ன பண்றான்னு கேட்டா, கம்ப்யூட்டர்னு சொல்லிட்டுப் பேச்ச மாத்திடுறேன். அதுக்கு மேல கேட்டா எனக்கு வேர்த்துடுது. இன்னிக்காவது புரியற மாதிரி சொல்லுவியா?"

சொல்கிறேன் அம்மா. கைப்பேசியில் ஒரு பெயரைத் தொடுகிறீர்கள். கண் இமைப்பதற்குள் ஒரு பக்கம் வந்து நிற்கிறது. எங்கிருந்து வந்தது? யார் எடுத்துக் கொடுத்தார்கள்? எங்கோ ஓர் அறையில், ஏதோ ஒரு கணினியில், ஒரு மென்பொருள் விழித்துக்கொண்டு நிற்கிறது. வந்தவர் யாரானாலும் வாங்க என்கிறது. என்ன வேண்டும் என்று கேட்கிறது. உள்ளே போய் எடுத்து வந்து கையில் கொடுக்கிறது. களைப்பதில்லை, கடிந்துகொள்வதில்லை, காக்க வைப்பதில்லை. அதுதான் வலை வழங்கி. நாம் செய்து வைத்திருக்கும் வழங்கிக்கு வாயிலோன் என்று பெயர்.

அதைச் செய்யும் விதத்தை நாம் ஒளித்து வைக்கவில்லை. அதன் ஒவ்வொரு வரியும் திறந்து கிடக்கிறது. யாரும் படிக்கலாம், யாரும் பழுது பார்க்கலாம், யாரும் எடுத்துக்கொண்டுபோய் வைத்துக்கொள்ளலாம். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதில்லை. வாயிலோனும் எங்களிடம் சொல்லாது. யார் வைத்திருக்கிறார்கள், எங்கே வைத்திருக்கிறார்கள், யார் வந்து எதைக் கேட்டார்கள் என்று அது எங்களுக்குக் கோள் மூட்டாது. மூட்டக்கூடாது என்று முதல் நாளே முடிவு செய்தோம். இன்றும் அதில் மாற்றமில்லை.

ஆனால் அவையோரே, அந்த முடிவுக்கு ஒரு விலை உண்டு. ஆசை ஆசையாய் ஒன்றைச் செய்து அனுப்புகிறோம். போய்ச் சேர்ந்ததா? தெரியாது. யார் வீட்டில் இருக்கிறது? தெரியாது. நன்றாக இருக்கிறதா, நொண்டுகிறதா? அதுவும் தெரியாது. ஒருவர் தன் மீன்தொட்டியின் விளக்கை வாயிலோனைக் கொண்டு ஏற்றி அணைக்கிறார் என்று தற்செயலாகக் கேள்விப்பட்ட அன்று எங்கள் ஒருவருக்கும் வேலை ஓடவில்லை. என்ன மீன், எத்தனை பெரிய தொட்டி, விளக்கு என்ன நிறம் என்று மாலைவரை அதே பேச்சு. முகம் தெரியாதவர்களுக்கு வேலை செய்கிறவர்களின் ஏக்கம் அது.

இனி ஐந்தாம் பதிப்புக்கு வருகிறேன். மிதிவண்டி பழுதுபார்க்கும் கடைக்கு மேலே ஓர் அறை நமக்கு இரவல் கிடைத்திருக்கிறது. பஞ்சர் ஒட்டும் பசையின் வாசம் படியேறி வந்து நம் கூட்டங்களில் கலந்துகொள்ளும். அந்த அறையின் சுவரில் திட்டம் எழுதுகிறோம். புதிதாகச் சேர்க்க வேண்டியவை பச்சைச் சீட்டில், திருத்த வேண்டியவை மஞ்சள் சீட்டில், நீக்க வேண்டியவை சிவப்புச் சீட்டில். சிறிய பதிப்புகளில் நாம் எதையும் நீக்குவதில்லை. நேற்று வேலை செய்தது இன்றும் வேலை செய்ய வேண்டும் என்பது நம் வாக்கு. பெரிய பதிப்பில் மட்டும்தான் பழையதை எடுத்துப்போட நமக்கு உரிமை.

சேர்ப்பதற்கு உற்சாகம் போதும். திருத்துவதற்குப் பொறுமை போதும். நீக்குவதற்கு என்ன வேண்டும்? யாருடைய கையிலிருந்து எடுக்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். நமக்கோ யார் கையும் தெரியாது.

இந்த முறை சுவரில் ஒட்டிய சிவப்புச் சீட்டுகளில் பெரியது பக்கவாசல். வாயிலோனுக்கு இரண்டு வாசல்கள். தலைவாசலில் வருகிறவர்கள் தாங்கள் யாரைத் தேடி வந்தார்கள் என்று சொல்லி, பேசுவது மூன்றாமவர் காதில் விழாதபடி மூடிப் பேசுவார்கள். பக்கவாசல் பழைய காலத்தது. அங்கே ஒரு சொல் சொன்னால் போதும், உள்ளே விட்டுவிடும். வெள்ளந்தியான காலத்தில் வைத்த வாசல். சென்ற ஆண்டு ஒரு திருடன் அந்த வழியாக யாருடைய கணினிக்குள்ளோ புகுந்துவிட்டான். அந்த நாளிலிருந்து நம் பூட்டுக்காரர் அந்த வாசலைப் பற்றிப் பேசும்போது குரல் மாறிவிடும்.

திட்டக் கூட்டத்தில் அவர் எழுந்தார். "ஐந்துல இத மூடியே ஆகணும். நாலாவது பதிப்பு வந்தப்பவே இதுக்கு எச்சரிக்கை போட்டாச்சு. 'பக்கவாசல் திறந்திருக்கு, சீக்கிரம் மூடப்போறோம், யாருக்காவது வேணும்னா எங்ககிட்ட சொல்லுங்க'ன்னு தெளிவா எழுதிருக்கு. ஒருத்தர், ஒரே ஒருத்தர் வந்து வேணும்னு சொன்னாங்களா?"

"சொல்லல" என்றேன்.

"அப்ப அந்தப் பக்கம் யாரும் இல்ல. இல்லாதவங்களுக்காக எதுக்கும்மா கதவைத் திறந்து வெச்சுட்டு உக்காந்திருக்கணும்?"

எச்சரித்தோம், காத்திருந்தோம், பதில் வரவில்லை. இதைவிட மரியாதையாக ஒரு கதவை மூட முடியுமா? சிவப்புச் சீட்டின் மேல் டீச்சர் சரி என்று குறியிட்டார்.

ஆனால் நம்மிடம் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். பெரிய பதிப்பு வெளிவருவதற்கு முன், நம்மில் ஒவ்வொருவரும் வாயிலோனை உண்மையாகவே பயன்படுத்தும் ஓர் இடத்துக்குப் போய், அங்கே சோதனைப் பதிப்பை ஓடவிட்டு, பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். வாயால் கேட்கலாம், கையால் தொடக்கூடாது. நாமே தொட்டுச் சரிசெய்துவிட்டால் அவர்களுக்கு எங்கே இடறுகிறது என்று நமக்கு எப்போதும் தெரியாது. இதற்குக் கைகட்டும் நாள் என்று பெயர். மூக்கு அரித்தால் சொறிந்துகொள்ளலாமா என்று ஒரு முழுக் கூட்டம் விவாதித்திருக்கிறோம். கேள்வியை எழுப்பியவர் மேடையில்தான் இருக்கிறார்.

அவர்கள் சிரிக்கட்டும் அண்ணே, நீங்களும் சிரிக்கிறீர்களே.

எனக்குப் போக இடம் தேடியபோது என் அண்ணி முன்வந்தார். அவர் ஒரு ரத்த வங்கியில் ஆய்வுக்கூடப் பணியாளர். அங்கே குளிர்பெட்டிகளின் வெப்பநிலையைச் சுவரில் ஒரு திரை காட்டிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு சின்னக் கருவி. அது தன் எண்ணைச் சொல்லி அனுப்பும். வாயிலோன் வாங்கித் திரைக்குக் கொடுக்கும். நான் அங்கிருந்த கணினிக்கு அச்சு அசலாக ஒரு நகல் எடுத்து, நகலில் மட்டும் ஐந்தாம் பதிப்பின் சோதனையை ஏற்றி, பக்கத்தில் இன்னொரு திரையை வைத்தேன். கருவிகள் அசலுக்கும் நகலுக்கும் எண்களை அனுப்பும்படி ஏற்பாடு. அசலை நான் தொடவில்லை. பிறகு கையைக் கட்டிக்கொண்டேன்.

அந்த அறையைச் சொல்ல வேண்டும். வெள்ளை ஓடு பதித்த சுவர். ரத்தம் கொடுக்க வந்தவர்கள் சாய்ந்த நாற்காலிகளில் படுத்து, கையில் ரப்பர் பந்தை அழுத்திக்கொண்டு, ஊசியைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிக் கதவு போட்ட ஐந்து குளிர்பெட்டிகள் ஒரே சுருதியில் முனகின. மூன்று புதியவை. சுவரோரம் இரண்டு பழையவை.

அண்ணி என்னைக் கடந்து போகும்போதெல்லாம் ஒரு பார்வை பார்த்தார். "என்ன, கிளாஸ்ல பேசி மாட்டிக்கிட்டவ மாதிரி கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்க?"

"இதுதான் அண்ணி விதி. எதையும் தொடக்கூடாது."

"நம்ம வீட்லயும் அதே விதியத்தான் கடைப்பிடிக்கிற போல. ஒரு டம்ளரக் கழுவி நான் பாத்ததில்ல."

ரத்தம் கொடுத்துக்கொண்டிருந்த ஒருவர் படுத்தபடியே சிரித்தார். பந்தை விட்டுவிடாதீர்கள் என்று அண்ணி அவரை அதட்டினார்.

கையைக் கட்டியவளுக்குக் கண்ணைத் தவிர வேறு என்ன வேலை? இரண்டு திரைகளையும் மாறி மாறிப் பார்த்தேன். நான்கு. நான்கு புள்ளி ஒன்று. மூன்று புள்ளி ஒன்பது. அவையோரே, உயிருள்ள எண்கள் அசையும். மூச்சு விடுவதுபோல ஏறும், இறங்கும். பழைய திரையில் ஐந்து எண்களும் அசைந்தன. புதிய திரையில் மூன்று அசைந்தன. இரண்டு, சட்டம் போட்ட படம்போல அப்படியே நின்றன.

"அண்ணி, அந்த ஓரத்துப் பெட்டிய ஒரு தடவ திறக்குறீங்களா?"

"எதுக்கு? சும்மா சும்மா திறக்கக்கூடாது."

"பை எடுக்கப் போறப்ப சொல்லுங்க. அதுவரைக்கும் காத்திருக்கேன்."

காத்திருந்தேன். ஒரு பை எடுக்க அவர் கதவைத் திறந்தார். பழைய திரையில் அந்தப் பெட்டியின் எண் நான்கிலிருந்து மெல்ல ஏறியது. புதிய திரையில் நான்கு, நான்காகவே நின்றது. கதவை மூடிய பிறகும் நான்கு. அது நான் நகலெடுத்தபோது இருந்த எண். அந்த இரண்டு பழைய பெட்டிகளின் கருவிகளுக்குத் தலைவாசல் தெரியாது. அவை பக்கவாசல் வழியாகத்தான் பேசும். ஐந்தாம் பதிப்பு அதை மூடிவிட்டிருந்தது. கதவு மூடியிருக்கிறது என்று சொல்லத் தெரியாத திரை, கடைசியாகக் கேட்ட எண்ணையே காட்டிக்கொண்டிருந்தது.

அண்ணிக்கு விளக்கினேன். அவர் முகத்திலிருந்த விளையாட்டு போய்விட்டது.

"அப்ப, புதுசு வந்து, இந்தப் பெட்டி கெட்டு சூடானா, இதுல நாலுன்னே இருக்குமா?"

"இருக்கும் அண்ணி."

"பழசுல மணி வேற அடிக்கறதில்ல. ஷிப்ட் மாறும்போது ஒரு தடவ நாங்க கையால பாப்போம். நடுவுல இந்த ஸ்கிரீன்தான்." கண்ணாடிக் கதவின் மேல் கையை வைத்தார். "இதுல இருக்கறது யாருக்குப் போகும்னு எனக்குத் தெரியாது. ஆனா யாரோ ஒருத்தர் இதுக்குத்தான் காத்துட்டு இருப்பாங்க."

அவர் யாரோ ஒருத்தர் என்றார். நாங்களும் முகம் தெரியாத யாரோ ஒருவருக்குத்தான் வேலை செய்கிறோம். ஒரே தொழில்தான் அவையோரே, மூலப்பொருள்தான் வேறு.

அடுத்த கேள்வி என்னைக் குடைந்தது. எச்சரிக்கை போட்டிருந்தோமே. இவர்கள் ஏன் பேசவில்லை? அங்கே கணினிகளைப் பார்த்துக்கொள்கிறவரிடம் போனேன். அவருக்கு அங்கே தொடாதே சார் என்று பெயர். மாடிப்படிக்குக் கீழே ஓர் அலமாரியில் அந்தக் கணினி. அலமாரிக் கதவில் 'தொடாதீர்கள்' என்று தாள் ஒட்டியிருந்தது. திறந்தால் கணினியின் மேல் ஒன்று, மின்செருகியின் மேல் ஒன்று. பக்கத்தில் அவருடைய காபி பிளாஸ்க். அதன் மேலும் ஒன்று.

"சார், பக்கவாசல மூடப்போறோம்னு எச்சரிக்கை வந்திருக்குமே. பாக்கலயா?"

"எங்க வரும்?"

"வாயிலோன ஸ்டார்ட் பண்ணும்போது, முதல்லயே வரும்."

"ஸ்டார்ட் பண்ணும்போதா?" என்று சிரித்தார். "நிறுத்தினாத்தானேம்மா ஸ்டார்ட் பண்றதுக்கு? போட்ட நாள்லேருந்து நிறுத்தினதே இல்லயே. கரண்ட் போனா பேட்டரி இருக்கு. உங்க திருத்தமெல்லாம் அது ஓடிக்கிட்டே ஏத்துக்குது. நாலாவது பதிப்பையே அப்படித்தான் ஏத்தினேன். நீங்கதானே அப்படி செஞ்சு வெச்சிருக்கீங்க?"

ஆமாம். நாம்தான் அப்படிச் செய்து வைத்திருக்கிறோம்.

அவையோரே, இங்கே கொஞ்சம் நில்லுங்கள். வாயிலோன் ஒருமுறை எழுந்தால் விழாது என்பதல்லவா நம் பெருமை? நிறுத்தாமலே புதுப்பித்துக்கொள்ளும் என்பதல்லவா நம் பேச்சு? உங்களில் எத்தனை பேர் வருடக்கணக்கில் நிறுத்தாமல் ஓட்டுகிறீர்கள், கை தூக்குங்கள் பார்ப்போம். அடேயப்பா. கிட்டத்தட்ட அரங்கம் முழுவதும். தூக்கிய கைகளை அப்படியே வைத்திருங்கள். எச்சரிக்கை, ஓடிக்கொண்டிருக்கும் வாயிலோனுக்குள் சத்தமில்லாமல் வந்து சேர்ந்தது. பேசுவதற்கு மட்டும், அது மறுபடி எழுந்திருக்கும் நாளுக்குக் காத்திருந்தது. விழாதவன் எப்போது எழுந்திருப்பான்? அடிக்கடி தடுக்கி விழுந்த கணினிகளை வைத்திருந்தவர்கள் எச்சரிக்கையைப் பார்த்தார்கள், திருத்திக்கொண்டார்கள், அதனால் அவர்களும் நமக்கு எழுதவில்லை. அக்கறையாக, அருமையாக, அணையாமல் பார்த்துக்கொண்டவர்கள் காதில் மட்டும் அது விழவே இல்லை. யாரை எச்சரிக்க நினைத்தோமோ அவர்களிடம் மட்டும் நாம் வாய் திறக்கவில்லை.

இப்போது தூக்கிய கைகளின் சொந்தக்காரர்களைக் கேட்கிறேன். உங்களுக்குப் பக்கவாசல் வழியாக யாரும் வருகிறார்களா?

கைகள் இறங்குகின்றன. யாருக்கும் தெரியவில்லை. எங்களுக்கும் தெரியவில்லை.

மிதிவண்டிக் கடை மேலறையில் இதைச் சொன்னேன். பூட்டுக்காரர் விட்டுக்கொடுக்கவில்லை. விட்டுக்கொடுத்திருந்தால் அவர் பூட்டுக்காரர் இல்லை.

"ஒரு ரத்த வங்கிக்காக, இருக்கற எல்லார் வீட்டுக் கதவையும் திறந்து வைக்கச் சொல்றியா? அந்தத் திருடன் நாளைக்கு அந்த ரத்த வங்கிக்குள்ளயே போவான். அப்ப யாரக் கேப்ப?"

"மூட வேண்டாம்னு சொல்லலண்ணே. ஒரே ஒரு ரத்த வங்கிதான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் நிஜமாகவே யோசித்தார். கீழே யாரோ சக்கரத்தைச் சுற்றிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"தெரியாது" என்றார்.

அப்போது மூலையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. அந்த எச்சரிக்கை வரியை எழுதியவர் யார் தெரியுமா? நம் தலைவர்தான். மேடையில் சொல்லிக்கொள்ளலாம் என்று அனுமதி வாங்கிவிட்டேன். டீச்சர் எழுந்து சுவரிடம் போனார். தான் இட்ட குறியைப் பார்த்தார்.

"என் பிள்ளைங்க யாராவது இப்படி எழுதிருந்தா பேப்பரத் திருப்பிக் குடுத்திருப்பேன்" என்றார். "அந்தப் பக்கம் எத்தனை பேருன்னு தெரியாது. அதுக்கு ஒரு எழுத்தப் போட்டு வெச்சுட்டுக் கண்டுபிடிக்கணும். நான் பூஜ்யத்தப் போட்டுட்டேன். தெரியாததும் பூஜ்யமும் ஒண்ணா?"

சிவப்புச் சீட்டை எடுத்தார். கிழிக்கவில்லை. அதன் மேல் ஒரு கேள்விக்குறி போட்டு அதே இடத்தில் ஒட்டினார்.

மறுவாரம் பூட்டுக்காரரே ரத்த வங்கிக்குப் போனார். அண்ணி சொல்லித்தான் எனக்குத் தெரியும்: உங்க ஆளு பெட்டிக்கு முன்னாடி நின்னாரு, கையக் கட்டினவரு கட்டினபடியே இருக்காரு, காபி குடுத்தாக்கூட வாங்க மாட்டேங்குறாரு, யாராவது வந்து கூட்டிட்டுப் போங்க என்றார். ஆனால் அங்கிருந்து திரும்பி வந்த அண்ணன் ஒரு சிறு நிரலை எழுதினார். அது ஓர் இடையாள். பழைய கருவியிடம் பழைய மொழியில் பேசும். அதே செய்தியைத் தலைவாசல் வழியாக மூடிய பேச்சில் கொண்டுபோய்ச் சேர்க்கும். பக்கவாசலை மூடிவிடலாம், பெட்டியின் குரலும் உள்ளே போகும். கதவை மூடுவதற்காகப் போராடியவர், மூடிய பிறகும் வெளியே யாரும் நிற்கக்கூடாது என்பதற்காக உழைத்தார். அவருக்கு ஒரு கைதட்டல் கொடுங்கள்.

மிச்சமிருந்தது ஒன்று. இடையாளைச் சேர்த்துவிட்டு, அந்தக் கணினியில் வாயிலோனை ஒருமுறை நிறுத்தித் தொடங்க வேண்டும். தொடாதே சார் அலமாரிக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார்.

"நிறுத்தினா, திரும்ப எழுந்திருக்கலன்னா?"

அவர் பயம் பொய்யா? இத்தனை காலமாக நிறுத்தாத ஒன்று எப்படி எழுந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்? எங்களில் ஒருவராலும் உறுதி சொல்ல முடியவில்லை. அண்ணிதான் முடிவு செய்தார்.

"சார், என்னிக்காவது அதுவா ஒரு நாள் நிக்கும். அன்னிக்கு நாம யாரும் பக்கத்துல இருக்க மாட்டோம். இன்னிக்கு எல்லாரும் இருக்கோம். நிறுத்துங்க."

காலைப் பணி முடிந்து அறை அமைதியாக இருந்த நேரம். அண்ணி கையில் ஒரு வெப்பமானியோடு பெட்டிகளுக்கு முன்னால் நின்றார். "நாலு. நாலு. மூணு புள்ளி எட்டு" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். திரை இல்லாத நேரத்தில் அவரே திரையானார். தொடாதே சார் உட்கார்ந்தார். விசைப்பலகையின் மேல் ஒட்டியிருந்த தாளை எடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நிறுத்தினார். சுவர்த்திரை இருண்டது. அண்ணியின் குரல் மட்டும்: நாலு. நாலு.

தொடங்கினார். வரிகள் ஓடின. நான் சொன்னபடி அவர் ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்தார். நடுவில் இந்த வரி வந்தது.

"'பக்கவாசல் திறந்திருக்கிறது. அடுத்த பெரிய பதிப்பில் மூடப்படும். தேவைப்படுவோர் எங்களுக்குத் தெரிவிக்கவும்.'" அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "இதச் சொல்லத்தான் இத்தன நாளா காத்துக்கிட்டு இருந்துச்சா?"

சுவர்த்திரை வெளிச்சமானது. ஐந்து எண்கள். அண்ணி ஓரத்துப் பெட்டியைத் திறந்தார். எண் ஏறியது. மூடினார். இறங்கியது. நாங்கள் எல்லோரும் அந்த ஓர் எண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அதன்பிறகு நாங்கள் விசாரிக்கத் தொடங்கினோம். உளவு பார்க்கவில்லை, வாய்விட்டுக் கேட்டோம். ஒரு முதியோர் இல்லத்தில் கட்டிலோர அழைப்புப் பொத்தான் பக்கவாசல் வழியாகப் பேசுகிறது. ஒரு கோழிப்பண்ணையில் முட்டை பொரிக்கும் பெட்டி. பள்ளிக்கூட மொட்டைமாடியில் காற்றின் வேகத்தைச் சொல்லும் கம்பம். இன்னும் என்னென்ன இருக்கும்? ஒவ்வொன்றையும் கேட்கும்போது பயமும் வருகிறது, நம் வாயிலோன் அங்கேயெல்லாமா நின்றுகொண்டிருக்கிறான் என்று வியப்பும் வருகிறது.

எனவே அவையோரே, இதோ உங்களிடம் ஒரு வேண்டுகோள். விழாத வழங்கியைச் செய்தவர்கள் நாம். வீழ்ச்சி அறியாமல் அதை வளர்த்தவர்கள் நீங்கள். அந்தப் பெருமையை ஒரே ஒரு முறை தள்ளி வையுங்கள். ஊர் திரும்பியதும், பட்டப்பகலில், அதை நம்பி இருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, அவர்களையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, வாயிலோனை நிறுத்துங்கள். தொடங்குங்கள். ஓடும் வரிகளை ஒன்று விடாமல் படியுங்கள்.

பின்வரிசையிலிருந்து ஒரு கேள்வி வருகிறது. திரும்ப எழுந்திருக்காவிட்டால் என்ன செய்வது என்கிறார். எழுந்திருக்காவிட்டால் எங்களைக் கூப்பிடுங்கள். அதற்கென்றே ஆட்களை அமர்த்தியிருக்கிறோம், வந்து தொட்டே சரிசெய்வோம். எழுந்திருக்காது என்பது நாம் யாரும் இல்லாத நாளில் தெரிவதைவிட, எல்லோரும் இருக்கும் நாளில் தெரியட்டும்.

இனி வரும் சிறு திருத்தத்தில், யாராவது பக்கவாசலில் காலடி வைத்தால் அந்த நொடியே வாயிலோன் உங்களிடம் சொல்லும். உங்களிடம் மட்டும். அப்படி யாராவது வந்தால் எங்களுக்கு ஒரு வரி எழுதுங்கள். இடையாள் தயாராக இருக்கிறது. யாரும் வரவில்லை என்றால், அதையும் எழுதுங்கள். இருக்கிறார்கள் என்பதும் பதில், இல்லை என்பதும் பதில். மௌனத்தைப் பதில் என்று எண்ணியது போதும். பேசாதவர் எல்லாம் சம்மதித்தவர் அல்லர். கேட்காதவர் எல்லாம் தேவையற்றவர் அல்லர். நம் கண்ணுக்குத் தெரியாதவர் எல்லாம் இல்லாதவர் அல்லர்.

அந்தப் பதில்கள் வந்து சேரும் நாளில் பூட்டுக்காரர் அந்த வாசலை மூடுவார், நானும் பக்கத்தில் நிற்பேன். ஐந்தாம் பதிப்பின் தேதி அதுதான். அதை நான் இந்த மேடையிலிருந்து அறிவிக்க முடியாது. நீங்கள் ஒவ்வொருவரும் உங்கள் ஊரிலிருந்து, உங்கள் அலமாரியிலிருந்து, உங்கள் மாடிப்படிக்கு அடியிலிருந்து எனக்கு அறிவிக்க வேண்டும்.

தன் பிழையை அவையில் சொல்ல அனுமதித்த தலைவருக்கு நன்றி. இந்த நேரத்தில் பணியில் இருப்பதால் வர முடியாத என் அண்ணிக்கும், எச்சரிக்கையை முதன்முதலாக வாய்விட்டுப் படித்தவருக்கும் நன்றி. தேதி கேட்டு வந்து, வேலையோடு திரும்பப்போகும் உங்களுக்கு என் அன்பும் வணக்கமும். போய்ப் படித்துப் பாருங்கள். என்ன சொல்கிறது என்று கேட்க ஆவலோடு இருக்கிறேன்.